கழுத்தில் கறுப்பு நின்ற இடம்

அப்பா,

சப்பாத்துப் பாலிஷ் டப்பாவைத் திறந்த கையோடு மூடிவிட்டேன். உங்கள் பேத்தி, என் மகள், இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று. கேடட் அணியில் சேர்ந்திருக்கிறாள். அணிவகுப்புக்குத் தோல் சப்பாத்து முகம் தெரிகிற அளவு மின்ன வேண்டுமாம். விரலில் சுற்றிய துணியோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வாடை எனக்கு ஒருநாளும் சப்பாத்தின் வாடையாக இருந்ததில்லை. நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, மூன்றே நாள் உங்களுக்கு இருந்த ஒரு முகத்தின் வாடை அது.

வேறொரு வாரமாக இருந்தால் தேய்த்து முடித்து எழுந்து போயிருப்பேன். ஆனால் இரண்டு நாளுக்கு முன்தான் அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. நீங்கள் நடித்த அந்த ஒரே ஒரு மலாய்ப் படத்தை இப்போது ஒரு நிறுவனம் வாங்கி, கீறல் நீக்கித் துடைத்து, மறுபடி திரையரங்குக்கும் இணையத்துக்கும் கொண்டுவரப்போகிறது. நீங்கள் வரும் மூன்றரை நிமிடக் காட்சி மட்டும் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்தியர்களைக் கேலி செய்வதுபோல் இருப்பதால் அதை வெட்டிவிடலாமா, அல்லது தொடக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டு அப்படியே விடலாமா என்று குடும்பத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை. ‘பால்காரன்’ என்று இருந்தது. நீங்கள் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்தில் இருந்த யாரையோ பிடித்து, விசாரித்து, என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தேன். இளம் மலாய்ப் பெண், மலாயில் மென்மையாகப் பேசினாள். “அக்கா, நாங்க யாரையும் புண்படுத்த நினைக்கல. நீங்க வெட்டச் சொன்னா வெட்டிடுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வந்தா போதும்,” என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள், உங்களை வெட்டுவதை.

அந்தக் கதையை நீங்கள் சொல்லும் விதம் எனக்கு மனப்பாடம். உங்களுக்குப் பத்தொன்பது வயது. கோத்தா திங்கி ஆற்றோரம் படம் பிடிக்கச் சிங்கப்பூரிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பால்காரனாக நடிக்கவேண்டியவர் காய்ச்சலால் வரவில்லை. மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த உங்களைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி கைகாட்டிவிட்டார். “மாடும் நம்ம மாடு. நானும் மாடும் ஒரே நாள்ல நடிகர் ஆனோம்,” என்பீர்கள். அம்மா உடனே, “மாடு நல்லா நடிச்சிச்சு,” என்பார்.

ஒப்பனைக்காரர் உங்கள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘போதாது’ என்றாராம். போதாதது நிறம். நீங்கள் மாநிறம். படத்துப் பால்காரனோ கரிக்கட்டையாக இருக்கவேண்டும், பல் மட்டும் தெரியவேண்டும். அவர் கொண்டுவந்த மை தீர்ந்துவிட்டதால், லாரி டிரைவரின் சப்பாத்துப் பாலிஷைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். “மூணு நாளும் சோத்துல கூட அந்த வாடதான்,” என்று மூக்கைச் சுருக்குவீர்கள். எல்லாரும் சிரிப்போம்.

அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்குப் பிடித்த இடம். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலாய்க் கம்பத்துக் கிராமப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் நீங்கள். அவர்கள் கல்யாண வீட்டில் நாலடிப் பந்துன் பாட்டுக் கட்டிச் சொல்லிக் கைதட்டு வாங்கும் அளவுக்கு உங்கள் மலாய் இருந்தது. மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியதும் பால்காரன் கத்தவேண்டிய வசனத்தை நீங்கள் உங்கள் மலாயில் அழகாகச் சொல்ல, இயக்குநர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர் அவர். தமிழிலேயே சொன்னாராம், “இப்படி இல்லப்பா. இந்தியன் மாதிரி பேசு.”

“சார், நான் இந்தியன்தானே? நான் பேசுறதுதானே இந்தியன் பேசுற மாதிரி?”

படப்பிடிப்பே சிரித்ததாம். பிறகு தலையை எப்படி ஆட்டுவது, மலாயை எப்படி உடைத்து உடைத்துப் பேசுவது என்று அவரே நடித்துக் காட்டினார். “ஊர்லேருந்து வந்தவரு, எனக்கு இந்தியனா இருக்கக் கத்துக் குடுத்தாரு,” என்று முடிப்பீர்கள். நகைச்சுவையாகத்தான் சொன்னீர்கள். அது நகைச்சுவை இல்லை என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

படம் தோட்டத்துத் திடலில் ஓடியபோது நம் ஆட்கள் விசிலடித்து உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். நம்மில் ஒருவன் திரையில் வந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை.

நான் படிவம் ஒன்று படித்தபோது ஒரு விடுமுறை மதியம் அது தொலைக்காட்சியில் வந்தது. பக்கத்து வீட்டார் எல்லாம் நம் கூடத்தில் கூடிவிட்டார்கள். பாதியிலேயே அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் போகவில்லை. மாடு உங்களை இழுத்துக்கொண்டு சேற்றில் ஓடியபோது, “லெம்பு லாரி, லெம்பு லாரி,” மாடு ஓடுது மாடு ஓடுது என்று தலையாட்டிக்கொண்டே நீங்கள் கத்தியபோது, நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் யார் நடந்து போனாலும் பின்னால் ஒருவன் தலையை ஆட்டி, ‘லெம்பு லாரி’ என்றான். நம் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பள்ளி விட்டதும் வாசலில் மோட்டாரோடு நீங்கள் நின்றிருந்தீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தீர்கள். என்னோடு வந்த மூன்று பெண்களில், படத்தில் வந்தவர் இந்தப் பக்கத்து ஆள் என்று கேள்விப்பட்டிருந்த ஒருத்தி உங்களை உற்றுப் பார்த்துவிட்டு, “பக்சிக், நேத்து டிவியில வந்தது நீங்களா?” என்று மாமா முறை சொல்லி மலாயில் கேட்டாள்.

உங்களுக்கு முன்பே நான் பதில் சொன்னேன். “இல்ல. இவரு இல்ல.”

“அப்ப உன் அப்பாவா இவரு?”

“இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். பிறகு உங்கள் கம்பத்து மலாயில், இனிமையாக, அவளிடம் சொன்னீர்கள்: “ஆமாம்மா. இவங்க அப்பாவுக்கு இன்னிக்கு வேலை. அதான் நான் வந்தேன்.” என் பக்கம் திரும்பி, யார் வீட்டுப் பிள்ளையிடமோ பேசுவதுபோல், “போலாங்களா?” என்றீர்கள்.

மோட்டாரில் ஏறிப் புறப்பட்டோம். பாலத்தில் ஒரு டிரெய்லருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்போது, “என்னைவிட நீ நல்லா நடிக்கிற, பாப்பா,” என்றீர்கள். சிரித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு முதுகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நீங்கள் பள்ளி வாசலுக்கு வரவில்லை. நூறு அடி தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தீர்கள். ஐந்து ஆண்டுகளும் அங்கேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வசதியாக இருந்தது.

மின்னஞ்சலைப் படித்ததும் அண்ணனுக்கு அழைத்தேன். அவன் இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். சொல்லி முடிப்பதற்குள், “வெட்டட்டும். நல்லா வெட்டட்டும்,” என்றான்.

“அண்ணே, அது அப்பாண்ணே.”

“அது அப்பா இல்ல. அப்பாவ வெச்சு அவங்க செஞ்ச பொம்ம. எனக்குப் பல்லு உடைஞ்சது எப்படின்னு ஞாபகம் இருக்கா? அந்த வாரந்தான். லெம்பு லாரின்னான் ஒருத்தன், கைய வெச்சேன், திருப்பிக் குடுத்தான்.”

“தொடக்கத்துல ஒரு குறிப்புப் போடுறாங்களாம்.”

“அலமாக்! யாரு படிப்பா? மருந்து டப்பாவுல இருக்கறதையே எவனும் படிக்கறதில்ல. அப்ப டிவி, ஒரு நாளோட போச்சு. இப்ப ஃபோனு. எவனாவது மூணு செகண்ட் வெட்டிப் போட்டான்னா முடிஞ்சது லா. எம்பொண்ணு ஸ்கூல்ல அதத்தான் கேக்கணுமா?”

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இது வேறு யாருடைய அப்பாவின் காட்சியாக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பழைய படம், பழைய காலம், அப்போது யாரும் தவறாக நினைக்கவில்லை என்று பேசுகிறவர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். சிரித்தவர்களுக்குத்தான் அது பழைய காலம்.

ஆனால் அப்பா, உங்களைப் பக்கவாதம் சாய்த்தது எங்கள் எல்லார் கைக்கும் படம் பிடிக்கும் ஃபோன் வருவதற்குச் சற்று முன்னால். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அதனால் எங்களிடம் இருக்கும் உங்கள் காணொளிகள் ஒவ்வொன்றிலும் நீங்கள் நாற்காலியில் இருக்கிறீர்கள். இரண்டு வயதுப் பேத்தி உங்கள் சட்டைப் பொத்தானைத் திருகுகிறாள், நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள், ஒலி வரவில்லை. அந்த ஆண்டே போய்விட்டீர்கள். நீங்கள் நடப்பதும் ஓடுவதும் உலகத்தில் அந்த மூன்றரை நிமிடத்தில் மட்டும்தான் இருக்கின்றன. உங்கள் குரலும் அங்கே மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் ஒருநாளும் பேசாத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டு.

அந்த நிறுவனத்துப் பெண் காட்சியை அனுப்பிவைத்திருந்தாள். மகள் டியூஷன் போயிருந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். குரல் கேட்டதும் நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறைதான் படத்தைப் பார்த்தேன்.

பழைய தொலைக்காட்சியில் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரியும். இப்போது அவ்வளவு துல்லியமாகத் துடைத்திருக்கிறார்கள், வைக்கோலைக்கூட எண்ணலாம். உங்கள் காதுக்குக் கீழே, கழுத்தில், கறுப்பு நின்றுபோகிறது. அவசரத்தில் சுவருக்குச் சாயம் அடித்தவன் மூலையை விட்டுவிட்டுப் போனதுபோல் ஒரு கோடு. அதற்குக் கீழே உங்கள் சொந்தக் கழுத்து, அதில் துடிக்கும் நரம்பு. ஓட ஓட நெற்றிப்பொட்டிலிருந்து வியர்வை இறங்கி, பாலிஷைப் பிளந்துகொண்டு போகிறது. அந்த வழி முழுக்க வெளிறிய உங்கள் தோல். சேற்றில் விழுந்து எழுந்ததும், தலையாட்டலைத் தொடங்குவதற்கு முன் ஒரு நொடி, மிரண்ட மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறீர்கள். அதை உங்களுக்கு எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

வெகு நேரம் அந்த நொடியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். என்னவெல்லாம் பூசினார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சியாக நிற்கிறது என்று தோன்றியது. இதை வெட்டிவிட்டால் அவர்கள் கை சுத்தமாகிவிடும். உங்கள் முகத்தில் யாரும் எதுவும் பூசவில்லை என்று ஆகிவிடும். நீங்களும் அங்கே இல்லை என்று ஆகிவிடும். ‘இவரு இல்ல’ என்று நான் இன்னொரு முறை எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

வெட்டவேண்டாம் என்று எழுதினேன். பால்காரன் என்பதற்குப் பதில் உங்கள் பெயரைப் போடவேண்டும் என்றும், முகத்துக்குக் கறுப்புப் பூசியதையும் உங்களுக்கு நல்ல மலாய் தெரியும் என்பதையும் அந்தக் குறிப்பில் சொல்லவேண்டும் என்றும் கேட்டேன். பெயர் போட்டுவிடலாமாம். குறிப்பை வழக்கறிஞர்கள்தான் முடிவு செய்வார்களாம். அவர்கள் அனுப்பிய ஒப்புதல் படிவத்தின் கடைசியில், ‘நடிகருக்கு நீங்கள் என்ன உறவு?’ என்று கேட்டிருந்தார்கள். மகள் என்று எழுதினேன்.

அண்ணனிடம் சொன்னேன். “உனக்கு அப்பா வேணும். எனக்கு வேணாம்னு நெனைக்கறியா?” என்றான். ஃபோனை வைத்துவிட்டான். இன்னும் அழைக்கவில்லை. நான் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, அப்பா. யோங் பெங்கிலோ எங்கோ ஒரு பள்ளியில் ஒரு பிள்ளையின் பின்னால் யாராவது மறுபடி தலையை ஆட்டினால், அதில் என் கையெழுத்தும் இருக்கும். அந்தப் பிள்ளை யாரென்று தெரியாது. தெரியாத அந்தப் பிள்ளையையும் உங்களையும் எதிரெதிரே நிறுத்தி வைத்துப் பார்த்தேன், உங்களை எடுத்துக்கொண்டேன்.

படம் வருவதற்குள் என் மகளுக்குச் சொல்லிவிடவேண்டும் என்று இன்று மாலை அவளை உட்காரவைத்தேன். காட்சியைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “தாத்தா ஏம்மா இப்படிப் பேசுறாங்க?” என்று கேட்டாள். பாலிஷ், இயக்குநர், எல்லாம் சொன்னேன். பிறகு பள்ளி வாசலையும் சொன்னேன். இத்தனை ஆண்டில் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை.

“தாத்தா திட்டினாங்களா?”

“இல்ல.”

“வீட்டுக்குப் போனப்புறம்கூட?”

“ஒருநாளும் இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் திரையில் நின்றிருந்த உங்களைப் பார்த்தாள். “திட்டியிருக்கலாம்,” என்றாள்.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், அன்றைக்கே அது தீர்ந்திருக்கும். நீங்கள் திட்டாமல் விட்டதைத்தான் முப்பது ஆண்டாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். திட்டியிருக்கலாம், அப்பா.