வரப்பு இருந்த இடம்

நீடாமங்கலம்
8-7-1974

அன்பு கமருன்னிஸாவுக்கு,

பினாங்கில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் இருபத்து நான்காம் தேதி சாயங்காலம், அப்பா ஏன் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று தம்பி செல்லதுரை என்னிடம் கேட்டான். அவன் வாயால்தான் வயல் போகப்போகிறது என்று நான் சொல்லவில்லை. மேட்ச் தோற்றதையும் சொல்லவில்லை. இரண்டையும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

மேட்ச்சை நீயும் கேட்டிருப்பாய். லார்ட்ஸில் நம்மவர்கள் நாற்பத்திரண்டு ரன்னுக்கு ஆல் அவுட். ரேடியோவில் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து டிரான்சிஸ்டரைத் தட்டிப் பார்த்தேன். பழையபடி விடுதியில் உன்னோடு இருந்திருந்தால் இருவரும் அழுதிருப்போம். அன்று எனக்கு அழுகையே வரவில்லை.

அப்பா குத்தகைக்கு உழும் வயல் உனக்குத் தெரியும். நீ வந்தபோது பச்சைப் பயற்றங்காய் உரித்துத் தின்றோமே, அதுதான். நிலம் மிராசுதார் இராஜாங்கத்துடையது. குத்தகைக்காரர் தன் பேரைச் சர்க்காரில் பதிந்துகொண்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்து ஐந்து வருஷமாகிறது. விவசாயச் சங்கத்துப் பக்கிரி நச்சரித்து, மார்கழியில்தான் அப்பா மனுப் போட்டார்.

தையில் மிராசுதார் செல்லதுரையைக் கூப்பிட்டு மட்டை, ஸ்டம்ப், அசல் சிவப்புப் பந்து எல்லாம் கொடுத்தார். தன் தகப்பனார் பேரில் கோப்பைப் போட்டி வைப்பதாகவும், ஆடுவதற்கு அப்பா உழும் வயல்தான் தோது என்றும் சொன்னாராம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நெல் நிற்கும்போதே தெளிக்கிற பயற்றை இந்த வருஷம் தெளிக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் நடுவரப்பைத் தானே வெட்டிச் சமப்படுத்தினார். பக்கிரி ஓடி வந்து, "ஏண்ணே, புத்தி கித்தி பெரண்டு போச்சா? வரப்ப வெட்டிப்புட்டு, மனுவ விசாரிக்க ஆபீசர் வந்தா எதக் காட்டுவீங்க?" என்று கத்தினார். அப்பா சிரித்துக்கொண்டே, "தண்ணி வந்தா ஒரு நாள்ல போட்டுக்கலாம்ப்பா, பய ஓடி ஆடட்டும்" என்றார். சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டது நான். யாருமில்லாத ஒரு மத்தியானம், பேப்பரில் பார்த்ததை வைத்து ஓரமாக ஒரு டென்னிஸ் கோர்ட்டும் வரைந்து பார்த்தேன். சிரிக்காதே.

அந்த இருபத்து நான்காம் தேதிதான் தாலுகா ஆபீஸிலிருந்து அதிகாரி, அப்பாவின் மனுவுக்காக வயலைப் பார்க்க வந்தார். கூடவே மிராசுதாரின் கணக்குப்பிள்ளை. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் எட்டாததால் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிரவுண்டு ஜோராக இருக்கிறதே, எப்போதும் இங்கேதானா என்று அதிகாரி கேட்டார். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வருஷம் பூரா நம்ம கிரவுண்டுதான் சார்! மன்னார்குடி டீமே இங்க வந்து மண்ணக் கவ்விட்டுப் போனான்" என்றான். அப்பா பதறி, "ஐயா, இது நடவு வயலுங்க" என்றார். அப்படியானால் வரப்பு எங்கே என்று அதிகாரி கேட்டார். அப்பா குனிந்து பார்த்தார். வரப்பு இருந்த இடத்தில் நான் போட்ட வெள்ளைக் கோடு இருந்தது.

சாகுபடி இல்லை, விளையாட்டு மைதானம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். போகும்போது கணக்குப்பிள்ளை தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. மட்டையைக் கையில் கொடுத்த அன்றே இதையும் நினைத்துவிட்டார்களா? இப்படியும் மனிதர்கள் யோசிப்பார்களா, கமர்?

விம்பிள்டன் முடிவு பார்த்தாயா? முப்பத்தொன்பது வயதுக்காரர் இறுதி ஆட்டம் வரை வந்து, இருபத்தோரு வயதுப் பையனிடம் ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு ஆறு, நாலுக்கு ஆறு என்று தோற்றார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாவம், அந்த ஆளுக்கு இன்னொரு ஆட்டம் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.

செல்லதுரை கையுறை கேட்டு உனக்கு எழுதப்போகிறானாம். முடிந்தால் அனுப்பு. வேறெதையும் அவனுக்கு எழுதிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் துஆவில் அவன் பேரையும் சேர்த்துக்கொள்.

உன் பிரியமுள்ள
செவ்வந்தி

பி.கு.: இதை அஞ்சலில் சேர்ப்பதற்குள் மனு தள்ளுபடி என்று தபால் வந்துவிட்டது. அந்த வாரமே வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மறுநாள் மிராசுதார் ஆட்கள் மைதானம் முழுவதையும் உழுது, பழைய இடத்திலேயே வரப்புப் போட்டு, குறுவை நட்டார்கள்.