கலமோவ்ரிசியில் பிள்ளைகள் பள்ளியிலேயே கணக்குக் கற்றுக்கொள்வதைத் தடுத்து நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பரஸ்கெவாஸ் கூவெலிஸ்,
உரிமையாளர் மற்றும் ஒரே ஆசிரியர்,
கூவெலிஸ் கணக்கு டியூஷன் நிலையம்,
ரொட்டிக்கடை மாடி, கடைத்தெரு,
கலமோவ்ரிசி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாவட்ட இடைநிலைக் கல்வி அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவது – அதனால் எல்லோருக்கும் பாடம் புரிந்துவிடுவது – எனது டியூஷன் நிலையம் மூடப்படும் நிலை – உடனடி நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்விக்கு எதிரி அல்லன் என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வூரில் காலையில் பள்ளியில் புரியாத கணக்கு, மாலையில் என்னிடம் வந்து புரியும். நாடு முழுவதும் இதுதானே ஐயா வழக்கம்? பள்ளி தன் வேலையைச் செய்தது, நான் என் வேலையைச் செய்தேன். ஒருவர் வயிற்றில் ஒருவர் அடித்ததில்லை.

2. இந்த ஏற்பாடு குலைந்தது சென்ற மாசி மாதம். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியின் இறுதி ஆட்டத்தில் நடுவரைத் திட்டித் திட்டியே கணக்கு ஆசிரியை திருமதி எவ்தோக்கியா அவர்களுக்குத் தொண்டை போய்விட்டது. அந்தத் திட்டுகள் யாவும் நியாயமானவை. பக்கத்து இருக்கையில் நின்று நானும் திட்டினேன். என் தொண்டை தாங்கியது, அவருடையது தாங்கவில்லை. கோடை விடுமுறை வரை வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

3. நல்ல மனிதர் என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். இவர் மறுநாளே பள்ளிக்கு வந்து, சாக்குக்கட்டியை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டு, குளிர்ந்த காப்பியுடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் ஒரு பிள்ளை நடத்த, மற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள். பிறகு கேட்ட பிள்ளை எழுந்து நடத்துகிறது. தவறாகச் சொன்னால் ஆசிரியை புருவத்தை உயர்த்துகிறார். நம் நாட்டில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள் என்பதை நம்மவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரியாக இருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். ஐயா, இவ்வளவுதான் அவர் பார்க்கும் வேலை. ஒரு ஜோடிப் புருவத்தை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பையே நடத்துகிறார்.

4. விளைவு என்ன? என்னிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். குறிப்பாக லம்ப்ரோஸ் என்னும் மாணவனைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். கூடைப்பந்து அணியின் மாற்று ஆட்டக்காரன். கணக்கு மண்டையில் ஏறாத பையன், என் நிலையத்தின் தூண். இவனை நம்பித்தான் புதிதாக ஹீட்டர் வாங்கினேன். அவனும் நின்றுவிட்டான். ஏன் என்று தெருவில் மடக்கிக் கேட்டதற்கு, “சார், நாளைக்கு நான் பாடம் எடுக்கணும். தெரியாம போய் நின்னா பசங்க கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. அதான் வீட்ல உக்காந்து படிக்கிறேன்” என்றான். என்னிடம் படித்த காலத்தில் அவனுக்கு இப்படியொரு கவலை வந்ததே இல்லை.

5. அடுத்த வாரம் ஐந்தாறு பிள்ளைகள் என் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. மனம் குளிர்ந்து, ஹீட்டரைப் போட்டேன். அவர்கள் வந்தது எனது கரும்பலகையை இரவல் கேட்க. “உங்களுக்கு இப்போ இது சும்மாதானே சார் கிடக்குது?” என்று மரியாதையாகவே கேட்டார்கள். படி குறுகலானது, பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால், பலகையின் ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டு பள்ளி வரை தூக்கிச் செல்ல நேர்ந்தது. கடைத்தெருவே பார்த்தது.

6. முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி அபோஸ்தோலிஸ், கடை வாசலில் நின்றபடி, “மச்சான், நம்ம கடையில முடி கூட்ட ஆள் வேணும், வர்றீங்களா?” என்றார். இதை அவர் ஒரு முறையுடன் நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர்கள் திரும்பி வராவிட்டால் கோடையோடு நிலையத்தை மூடிவிட்டு அந்தத் துடைப்பத்தைத்தான் நான் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது ஐயா.

7. வெளியில்தான் இப்படி என்றால் வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மகள் மிர்ட்டோ அதே வகுப்பில் படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் நான் சமன்பாடு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். பெற்ற மகள் ஐயா! அன்று எனக்குப் பயற்றுச் சூப் இறங்கவில்லை. பிற்பாடு தனியே போட்டுப் பார்த்ததில் அவள் புருவம் சரி என்றே தெரிந்தது. இருந்தாலும் மனம் வலித்தது.

8. ஆகவே சாட்சியம் திரட்டும் நோக்கத்துடன் சென்ற வியாழக்கிழமை நானே அந்த வகுப்பிற்குச் சென்றேன். பலகையைத் திரும்பக் கேட்க வந்ததாகச் சொன்னேன். நின்றுகொண்டே இருப்பது அழகல்ல என்பதால் கடைசி பெஞ்சில் ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று லம்ப்ரோஸ் நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தான். அந்தப் பாடம் தேர்வில் வராது என்பது எனது நீண்டநாள் கொள்கை. இடையில் சில வருடங்கள் வந்தது உண்மைதான். அது வினாத்தாள் தயாரித்தவர்களின் பிழை.

9. காப்பிக்கடைகளில் இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் தாவ்லி ஆட்டத்தின் பலகையையும் பகடைகளையும் அவன் கொண்டுவந்திருந்தான். ஒரு பகடைக்கு அவன் அம்மாவின் நகப்பூச்சைப் பூசியிருந்தான். அவன் சொன்னதைச் சாட்சியம் என்பதால் அப்படியே தருகிறேன்: “நல்லாப் பாருங்கடா. செகப்புல ஆறு, வெள்ளையில அஞ்சு. இல்லன்னா செகப்புல அஞ்சு, வெள்ளையில ஆறு. ரெண்டு வழி ஆச்சா? ஆனா ரெண்டுலயும் ஆறு விழணும்னா ஒரே வழிதான். அதை நம்பிக் காயை வெட்டுக்குத் தெறந்து வச்சுட்டு உக்காந்திருக்கிற ஆளு தோத்துப்போயி, வீட்ல போய் எரிஞ்சு விழுவாரு.”

10. வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மிர்ட்டோ மட்டும் சன்னலைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு மாலையும் காப்பிக்கடையில் அபோஸ்தோலிஸிடம் தாவ்லியில் தோற்பது இவ்வூரில் ரகசியம் அல்ல. இரட்டை ஆறும் ஒரு விழுகை, ஆறு-ஐந்தும் ஒரு விழுகை, இரண்டும் ஒன்றுதானே என்று இத்தனை காலமும் வாதாடி வந்தவன் நான். வாதத்தை அடக்கிக்கொண்டு ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். லம்ப்ரோஸ், “நல்ல கேள்வி சார். யாராச்சும் சாருக்குச் சொல்லுங்கடா” என்றான். முன் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து, பகடையை என் கையில் கொடுத்து, பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. எதையும் மறைக்காமல் எழுத வேண்டியது மனுதாரரின் கடமை என்பதால் எழுதுகிறேன்: மிகவும் நன்றாக இருந்தது.

11. அன்று மாலை அபோஸ்தோலிஸை வென்றேன். மறுபடியும் வென்றேன். பகடையில் ஈயம் வைத்திருக்கிறேன் என்று அவர் சத்தம் போட்டு, பகடையைக் கத்தியால் கீறிப் பார்த்தார். துடைப்பம் பற்றிய பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் நான் வேண்டுவது:

அ) திருமதி எவ்தோக்கியா அவர்களை அரசு செலவில் தலைநகரின் சிறந்த தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, கூடிய விரைவில் பேச வைக்க வேண்டும்.

ஆ) மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவதை உடனே தடை செய்ய வேண்டும். உடனே என்பது வரும் வியாழக்கிழமைக்குப் பிறகு என்று திருத்தி வாசிக்கவும். மூன்று பகடை உருட்டினால் என்ன ஆகும் என்று அன்றுதான் லம்ப்ரோஸ் நடத்தப் போகிறான்.

இ) இவை இரண்டும் இயலாது எனில், கோடை வரை அவ்வகுப்பின் கடைசி பெஞ்சில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். பலகை என்னுடையது என்பதால் இது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

ஈ) வகுப்பில் உட்கார்ந்து கேட்பவர் எவரும் ஒரு நாள் எழுந்து பாடம் நடத்தியாக வேண்டும் என்பது அவர்களின் விதியாம். “உங்களுக்கு மட்டும் சலுகை எல்லாம் கிடையாதுப்பா” என்று மிர்ட்டோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எனக்குச் சமன்பாடு ஒதுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் நான் தடுக்கி விழுந்த அதே பாடம். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவன், அன்று வகுப்பின் முன் நிற்க முதன்முறையாகப் பயப்படுகிறேன். ஆகையால் அந்த ஒரு நாள் மட்டும் ஆசிரியை அவர்கள் புருவத்தைச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொள்ளும்படி தாங்கள் எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்கு அப்படி ஆணையிடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதை அறிவேன். இதை எழுதும் இந்நேரம் சமையலறையில் எதிரில் உட்கார்ந்து, நான் இரண்டாம் முறை போட்டுக் காட்டிய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புருவம் இதுவரை அசையவில்லை. தலை லேசாக ஒரு பக்கம் சாய்கிறது போலத்தான் தெரிகிறது.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
பரஸ்கெவாஸ் கூவெலிஸ் (ஒப்பம்)

இடம்: கலமோவ்ரிசி
நாள்: ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: ஏதுமில்லை. கரும்பலகை பள்ளியில் உள்ளது.