கோணல் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

ஜெராக்ஸ் மெஷின் இன்றைக்கும் கோடு போட்டது. கண்ணாடியில் விழுந்த கீறல், எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் மேலிருந்து கீழே கறுப்புக் கோடாக இறங்குகிறது. அடையாள அட்டை வைத்தால் படத்தில் இருப்பவரின் காது வழியாகப் போகும். மெக்கானிக்குக்கு ஆறு தடவை போன் செய்துவிட்டேன். "நாளைக்கு வர்றேங்க்கா." அவருடைய நாளை எந்தக் காலண்டரிலும் இல்லை.

பதினொரு நகல் கோணலாக விழுந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கோணல் பெட்டியில் போட்டேன். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. கணக்குப் போட, சீட்டு எழுத உதவும். கடை மூலையில் மேசை போட்டு நாலு வருஷமாகப் படிவம் நிரப்பித் தருகிற, விரலில் பேனா மை காயாத மைக்காரரும் அதிலிருந்துதான் உருவிக்கொள்வார். மூன்று வாரமாக ஆளைக் காணோம். உடம்புக்கு முடியவில்லையாம், பாவம்.

மார்ச் 6, வியாழன்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் வந்தார். வழக்கமாக நுழையும்போதே "என்னம்மா, காதுல கோடு போடலாமா?" என்று சிரிப்பவர். இன்று முகமே சரியில்லை.

அவர் பெயரில் போன் ஆப்பில் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. வசூல்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் அவரைத் திருடன் என்கிறார்களாம்.

"யாரு வாங்கினதுன்னு தெரியலையாண்ணே?"

"தெரியாம என்ன? என் பையன்தான்."

மகனுக்கு இருபத்தாறு வயது, போன் ரிப்பேர் கடையில் வேலை. போன மாதம் பைக் வாங்கியிருக்கிறான். "ஏதுடா காசுன்னு கேட்டேன். சேத்து வச்சேன்னான். கை நீட்டிட்டேம்மா. போயிட்டான். ஒரு வாரமாச்சு."

கடன் கம்பெனி அனுப்பிய காகிதங்களை நகல் எடுக்கக் கொடுத்தார். மூன்றாவது தாள் அவருடைய அட்டையின் நகல். காதில் கோடு. வலது மூலை வெட்டுப்பட்டிருந்தது.

எடுத்தேன். கொடுத்தேன். காசு வாங்கினேன் — ச்சே, காசும் வாங்கினேன்.

அதே நாள், மதியம்

கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிசம்பரில் சம்பளக் கணக்குக்காக வந்தார். மூடியை இறக்கும்போது அட்டை நகர்ந்துவிட்டது. "மூலை போச்சுண்ணே, வேற எடுத்துத் தர்றேன்" என்றேன். நல்லதை அவர் கொண்டுபோனார். வெட்டுப்பட்டது பெட்டிக்குப் போனது. அந்தத் தாள் இந்தக் கடையை விட்டு அவர் வீட்டுக்குப் போகவே இல்லை. பிறகு மகன் எப்படி எடுத்திருப்பான்?

பெட்டியில் கை விடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

மார்ச் 7, வெள்ளி

மைக்காரர் போன் அணைந்து கிடக்கிறது. மேசை இழுப்பறையில் ஒரு பேனா மூடி மட்டும். தங்கச்சி தங்கச்சி என்று நாலு வருஷம் என் பிளாஸ்க்கில் டீ குடித்த மனுஷன்!

பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். நிறைந்து வழிந்த பெட்டி, இப்போது பாதி கூட இல்லை. ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன? எத்தனை பேருடைய பிறந்த தேதிக்குப் பின்னால் நானே சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்! சிக்கனமாம் சிக்கனம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் மெஷின்ல எடுத்ததுன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? கண்ணாடிய மாத்திட்டுப் பேசாம இரு. கடை போச்சுன்னா என்ன பண்ணுவே?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் மட்டும் என்னவாம்?

மார்ச் 8, சனி

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "எவ்வளவு ஆனாலும் பரவால்ல, இன்னைக்கே வாங்க." ஐந்து மாதமாக வராதவர் ஒரு மணி நேரத்தில் புதுக் கண்ணாடியோடு வந்து நின்றார்.

இரண்டு திருகாணி கழன்றது. மூன்றாவதில் கை வைத்தபோது, "வேணாம், பழையபடி மாட்டிடுங்க" என்றேன்.

"அக்கா, விளையாடுறீங்களா?"

வந்த கூலியை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார்.

நல்லவள் என்பதால் நிறுத்தவில்லை. இந்தக் கண்ணாடி குப்பைக்குப் போனால், செய்யாத திருட்டுக்கு அடி வாங்கிய பையனுக்கு வேறு சாட்சியே கிடையாது. அது தெரிந்த பிறகு எப்படி மாட்டச் சொல்வது? எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. கையிலிருந்த துணியால் துடைத்த கதவையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவன் எங்க தூங்குறான்னு கூட எனக்குத் தெரியாதும்மா."

துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, "டியூட்டி முடிய அரை மணி இருக்கு. நில்லுங்க. ஸ்டேஷனுக்கு வந்து இதையே சொல்லுங்க" என்றார். நின்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்டேஷனிலிருந்து பெண் அதிகாரி கடைக்கு வந்து, மெஷினில் வெறும் தாள் ஒன்று ஓடவிட்டார். அதையும் கடன் கம்பெனித் தாளையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது.

"பெட்டிக்குப் பூட்டு உண்டா?"

"இல்ல மேடம்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஆறு."

எழுதிக்கொண்டார். கூசிப்போனேன். கண்ணாடியையும் பெட்டியையும் எடுத்துப்போனார்கள்.

மார்ச் 19, புதன்

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. இதுவரை ஏழு பேர் வந்து சண்டை போட்டார்கள். எட்டாவதாக வந்தவள் மட்டும் சண்டை போடவில்லை. "உங்க கடைன்னுதானே நம்பிக் குடுத்தேன்" என்றாள். அதற்கு ஏழு பேரும் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

மைக்காரர் பிடிபட்டார். அடுத்தவர் பெயரில் கடன் எடுக்கிற கும்பலுக்கு நகல்களை விற்று, ஒரு தாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு விலை வாங்கினாராம். அவ்வளவுதானா ஒரு மனுஷனின் பெயர்?

வங்கிக்குப் போய் என் பெயரில் ஏதாவது கடன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை. பேசாமல் இருக்கச் சொன்ன வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "எனக்கும் பாத்துடுங்க சார்" என்றார்.

அண்ணன் மகனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள். அவன் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பா போனை எடுப்பதும் இல்லையாம்.

ஏப்ரல் 23, புதன்

புதுக் கண்ணாடி. கடையில் கூட்டம் பாதிதான். அட்டையில் எழுதி மாட்டினேன்: "கோணல் நகலை உங்கள் கண்முன் கிழித்துத் தருவோம். நகலின் குறுக்கே எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். பேனா இருக்கிறது."

சாயங்காலத்துக்குள் பேனாவைக் காணோம்.

மே 9, வெள்ளி

கடை திறந்ததும் அண்ணன் வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு. அந்தக் கடன் அவருடையது இல்லை என்று கம்பெனி கொடுத்த கடிதம். இரண்டு நகல் கேட்டார்.

அவசரத்தில் முதல் தாள் கோணலாக விழுந்தது. அவர் சொல்வதற்கு முன்னால் நாலாகக் கிழித்து நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்லதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோடு இல்லையே."

"கண்ணாடி மாத்தியாச்சுண்ணே."

மாட்டியிருந்ததைப் படித்தார். பேனா கேட்டார். ஒரு நகலை மடித்து வைத்துவிட்டு, இன்னொன்றின் குறுக்கே நிதானமாக எழுதினார். எதற்கோ அலுவலகத்துக்கு என்று நினைத்தேன். தேதி போட்டிருந்தார். அதற்கு முன்னால், "என் மகனிடம் நேரில் கொடுக்க."

"இந்த போன் ரிப்பேர் கடையெல்லாம் எத்தனை மணிக்கும்மா திறப்பாங்க?"

"பத்துக்குண்ணே."

அப்போது ஒன்பதேகால். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கடையிலேயே உட்கார்ந்தார்.