திரையை விடாத இருட்கோனுக்கு

நேற்று சாயங்காலம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே ஒருவன் தலையில் கொம்பும் தோளில் போர்வையுமாக முறைத்துக்கொண்டு நின்றான். ஏதோ விண்வெளிக் கதைத் தொடரின் வில்லனாம். இத்தனை வருஷமாகக் கார்ட்டூனில் மட்டும் திரிந்தவன், இப்போதுதான் முதல்முறையாக உயிருள்ள நடிகனாக வந்திருக்கிறானாம். படத்துக்குக் கீழே ரசிகர்களின் சாபம், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கொம்பு குட்டை. குரலில் கெத்து இல்லை. இவனை எடுத்தவன் விளங்கவே மாட்டான்.

"உங்க காலத்துல இந்த மாதிரி பைத்தியம்லாம் இல்லல்லப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

எனக்கு வந்தது பார் ஒரு கோபம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மதிக்காமல் கத்திவிட்டேன். பெண் அறைக்குள் ஓடிவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரி, "இன்னாத்துக்கு இப்போ இந்தக் கத்து?" என்றாள். பதில் சொல்ல வேண்டுமானால் உன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் உனக்கே எழுதுகிறேன். செத்துப்போனவனுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம், குறுக்கே பேச மாட்டான். நீ இருந்தபோது மட்டும் என்ன பேசிவிட்டாய்? உன் பங்கையும் சேர்த்து நான்தானே பேசினேன்.

உனக்கு வாயின் ஓரத்தில் ஆரம்பித்துக் காது வரை வெண்படை. பள்ளிக்கூடத்தில் பொட்டளவு இருந்தது, பத்தாவது முடிப்பதற்குள் ஒரு பக்கக் கன்னத்தையே பிடித்துவிட்டது. தொற்றாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை ஊர் எப்போது கேட்டிருக்கிறது? உன் அத்தாவின் துணிக்கடையில் நீ முன்னால் நின்றால், புடவை எடுக்க வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அத்தா உன்னை உள்ளே மூட்டை பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உனக்கென்று ஒரு கிளாஸ், பலகையின் கோடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். வெயிலோ மழையோ, தலையைச் சுற்றி நீ ஒரு துண்டு கட்டியிருப்பாய், அதன் முனை கன்னத்தை மூடும். புதிதாகப் பார்ப்பவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் துண்டை அவிழ்த்தவன் இருட்கோன்.

வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கங்களில் அந்தப் படக்கதை வந்தது. கதாநாயகன் ககனவீரன், பாலில் குளிப்பாட்டி எடுத்த பிள்ளை, அவனை யார் சீந்தினார்கள்? ஏழு கிரகங்களைக் கட்டி ஆண்ட கொடுங்கோலன் இருட்கோன் அல்லவா ராஜா! வெறும் கறுப்பு மையில் அச்சான அந்தப் படங்களில் அவன் முகம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாய்.

"பார்றா. அவன் மூஞ்சியப் பாத்து ஏழு கிரகம் நடுங்குது. என் மூஞ்சியப் பாத்து டீ கிளாசுதான் நடுங்குது."

மறுநாள் துண்டு இல்லாமல் கடைத்தெருவில் நடந்தாய். எவனோ ஒருவன், "டேய், இருட்கோன் வர்றான்டா!" என்று கேலியாகக் கத்தினான். நீ நின்றாய். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, படக்கதைத் தமிழில், "மண்டியிடுங்கள், புழுக்களே!" என்றாய். தெருவே சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் நீயும் ஒருவன்.

நம் பக்கத்தில் வில்லனுக்கு எப்போதுமே மரியாதை அதிகம். கூத்தில் துரியோதனன் வந்தால்தான் தூங்குகிற ஊர் எழுந்து உட்காரும். அதனால் கொடுங்கோலனுக்கு மன்றம் வைத்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. 'அகில அண்ட இருட்கோன் நற்பணி மன்றம், செஞ்சி.' நீ தலைவர், நான் செயலாளர். நற்பணி ஒன்றும் செய்யவில்லை. தலைவரின் முகத்தில் துண்டு இல்லை என்பதே எனக்குப் போதுமான நற்பணியாக இருந்தது. நீ கடையின் முன்பக்கம் வந்து உட்கார ஆரம்பித்திருந்தாய். "இருட்கோன் கையால ஒரு வேட்டி குடு" என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு.

அப்புறம்தான் சனியன் டிவி ரூபத்தில் வந்தது. மெட்ராசில் யாரோ அந்தக் கதையைத் தொடராக எடுத்தார்கள். வாரக்கணக்கில் இருட்கோனின் குரலையும் கையுறை போட்ட கையையும் மட்டுமே காட்டினார்கள். ஒருவழியாக, அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் உயிரும் சதையுமாகத் தோன்றுவான் என்று அறிவிப்பு வந்தது. மன்றத்துக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

ரைஸ்மில் வைத்திருந்த என் சித்தப்பா வீட்டில் டிவி இருந்தது. சித்தி அதற்குப் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள், கால் கழுவாதவன் கூடத்துக்குள் வரக்கூடாது. சிறப்பு விருந்தினராக, தொண்டூரில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவரை அழைத்தோம். பயிர் வைப்பவர்தான், ஆனால் வேஷம் கட்டாத நாளிலும் மீசை துரியோதனனுடையது. வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜ வேஷம் எப்பிடிடா வரும்?"

"கதவத் தொறந்துக்கினு வருவாருங்க."

"கதவத் தொறந்துக்கினு வர்றதுக்கு அவன் இன்னா பால்காரனா? திரை புடிக்கணும்டா. பாட்டு முடியணும். அப்புறம்தான் மூஞ்சி."

நியாயமாகத்தான் பட்டது. நம் ஊரில் எந்த ராஜா திரை இல்லாமல் வந்திருக்கிறான்? உங்கள் கடையிலிருந்து பளபளக்கும் சிவப்புத் துணி வந்தது. நீ ஒரு முனை, நான் ஒரு முனை, டிவிக்கு முன்னால் பிடித்தோம். தொடரில் ராஜா வருகைக்குக் கொம்பு ஊதி முடிந்ததும் இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூடம் நிறைந்து, முற்றம் நிறைந்து, ஜன்னல் கம்பிகளிலும் ஆள். மொட்டை மாடியில் சித்தப்பா ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொம்பு ஊதியது. கூடம் விசிலடித்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாம் இரண்டு பேர் மட்டும்.

கதவு திறந்தது. பால்காரன் மாதிரியேதான் வந்தான். முகம் முழுக்க ஒரே மாவு, சோப்பு விளம்பரத்துக்கு வந்தவன் போல மழமழவென்று. நான் உன்னைப் பார்ப்பதற்குள் பின்னாலேயே இன்னொருவன் வந்துவிட்டான். கூனிக்கொண்டு, திக்கிக்கொண்டு, ராஜாவின் எடுபிடி. அவன் வாயோரத்திலிருந்து காது வரை வெள்ளையைத் தடவியிருந்தார்கள். பெயர் சுண்ணாம்பு.

"சீ, கிட்டே வராதே சுண்ணாம்பு! தொற்றிக்கொள்ளும்!" என்றான் இருட்கோன். ஓர் உதை. 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

கொம்பு எப்போதோ நின்றுவிட்டது. நீ துணியை இறக்கவில்லை. டிவி வெளிச்சம் உன் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. நானும் பிடித்துக்கொண்டேன்.

"திரைய எறக்குங்கடா!"

"தலைவரே, கை மரத்துப் போச்சா?"

"பாட்டு முடிஞ்சிட்ச்சிடா, எறக்குடா!" என்று தொண்டூர்க்காரர் எழுந்தே விட்டார்.

மாடியிலிருந்து சித்தப்பா, "இன்னா, தெரியுதா?" என்று கேட்டார். "ஒண்ணுமே தெரியல!" என்று கூடம் முழுக்கக் கத்தியது. மனிதர் ஆன்டெனாமேல் பழியைப் போட்டு அதைக் கோட்டைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். துணியை யாரோ பிடுங்கியபோது பெட்டிக்குள் புள்ளி மழை பெய்துகொண்டிருந்தது.

என் சட்டை அன்றைக்கே போயிற்று. உன் காலரைப் பிடித்து உலுக்கினார்கள். "ரெண்டு மாசமா காத்துக்கினு இருந்தோமேடா, பாவிங்களா!" என்று ஒருவன் நிஜமாகவே அழுதான். தொண்டூர்க்காரர், "மன்றமாம் மன்றம்!" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். நீ கீழே கிடந்த சிவப்புத் துணியை எடுத்து மடித்தாய்.

ஊரில் அது ஒன்றே டிவியாக இருந்திருந்தால் நீ ஒரு வாரமாவது ஜெயித்திருப்பாய். கடைத்தெருவில் இன்னும் சில வீடுகளில் இருந்ததே! மறுநாள் காலை டீக்கடைக்காரன் உன் கிளாஸைக் கோடியில் வைத்து, "இந்தா சுண்ணாம்பு, கிட்ட வராம எடுத்துக்க" என்றான். ஏழு கிரகத்துக்கும் கேட்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை. நான் அவனுடைய பாய்லரை எட்டி உதைத்தேன். பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குக் கட்டைவிரல் நகம் போயிற்று. திரும்பிப் பார்த்தபோது நீ துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரப் பத்திரிகையில் ரசிகர் கடிதங்கள். தமிழ்நாடே கொதித்திருந்தது. எதற்கு? போர்வையின் நிறத்துக்கு! சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஊதா என்று ஒரு கட்சி. படக்கதையும் கறுப்பு வெள்ளை, பாதிப் பேர் வீட்டு டிவியும் கறுப்பு வெள்ளை. எந்தக் கண்ணால் பார்த்தார்களோ, படுபாவிகள். மீசை போதாது, பூட்ஸ் போதாது. சுண்ணாம்பைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம் என்றே எழுதியிருந்தார்கள். ராஜாவின் பாதி வெள்ளை முகத்தை எடுபிடிக்குக் கொடுத்துவிட்டார்களே என்று ஒரு வரி இல்லை. நான் போஸ்ட் கார்டு போஸ்ட் கார்டாகத் திட்டி எழுதினேன். ஒன்றும் அச்சில் வரவில்லை. வருகிற மாதிரி எழுதவும் இல்லை.

கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து உன்னிடம் கத்தினேன். "கோவம் வரலியாடா உனக்கு? அவன் மூஞ்சிய மாத்திட்டானுங்கடா!"

"மாத்தலடா" என்றாய். "அது நெழலு. வரைஞ்சவன் ஒரு பக்கம் வெளிச்சம்னு வெறுமனே வுட்டு வச்சது. ககனவீரனுக்கே ரெண்டு எடத்துல அப்பிடித்தான் இருக்குது. எனக்கு மொதல்லயே தெரியும்."

பாறையிலிருந்து இறங்கி உன் எதிரே வந்து நின்றேன்.

"தெரிஞ்சா எதுக்குடா துண்ட அவுத்த?"

"யாரும் கேக்கலியே. நீயும் கேக்கல. அதுவரிக்கும் லாபம்னு இருந்தேன்."

நிழல் என்று தெரிந்தபிறகு என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். ஏறிவிட்டது. உன்னை அவமானப்படுத்த வேண்டும் என்று எவனாவது திட்டம் போட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். அவர்கள் யோசிக்கவே இல்லை. சிரிக்க ஓர் ஆள் வேண்டும், கொஞ்சம் வெள்ளையைத் தடவு, உதை, 'டொய்ங்.' நானும் பிற்பாடு சிரிப்பு எழுதிப் பிழைக்கப் போனவன். அந்தச் சோம்பேறித்தனம் எனக்கு நன்றாகத் தெரியும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்திருப்பான். அந்த ஐந்து நிமிஷத்தை நீ முப்பது வருஷத்துக்கு மேல் கன்னத்தில் கட்டிக்கொண்டு திரிந்தாய். உன் கல்யாணப் படங்களில் எல்லாம் பக்கவாட்டில்தான் நிற்கிறாய். அரசாங்கம் ஒரே ஒரு தடவை, அடையாள அட்டைக்காக, துண்டை எடுக்கச் சொன்னது. எடுத்தாய்.

நீ போனபோது வியாபாரிகள் சங்கத்தார் ரோட்டில் உனக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், கண்ணீர் அஞ்சலி. கணவன் போனபின் நாலு மாதம் வெளியே வராமல் இருக்கிற உங்கள் மார்க்க வழக்கப்படி உன் மனைவி வீட்டுக்குள்ளேயே இருந்தார். யாரோ கைப்பேசியில் அந்த ஃப்ளெக்ஸைக் காட்டியிருக்கிறார்கள். நான் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணே, அதுல இருக்கறது யாரு?"

போய்ப் பார்த்தேன். அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் உன் வெண்படையைத் துடைத்து, கன்னத்துக்கு மாவு பூசி மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். சோப்பு விளம்பரம்!

ஃப்ளெக்ஸ் கடையில் நான் கத்திய கத்தில் பக்கத்துக் கடை ஷட்டரை இறக்கினான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பயந்துபோய், "நல்லாயிருக்கட்டும்னுதான் சார் க்ளீன் பண்ணோம், எல்லாருக்கும் பண்றதுதான்" என்றாள். "அழுக்கா அது, க்ளீன் பண்ண? இருந்தத இருந்த மாதிரி போடும்மா" என்றேன். போட்டாள். அதைக் கொண்டுபோய்ப் பழையதன்மேலேயே கட்டினேன். ஏணிமேல் ஏறியது நானேதான். இறங்க முடியாமல் கொஞ்ச நேரம் உன்னோடு மேலேயே இருந்தேன்.

சங்கத்துக்காரர் ஓடி வந்தார். "அண்ணாத்த, எடுத்துடலாமே. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குது."

"ஒரு மாதிரி இருந்தா நல்லா பாக்கச் சொல்லு. பாத்துப் பாத்துப் பழகட்டும்."

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெரிசலில் உனக்குக் கீழேயே நின்றன. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நிமிர்ந்தன. துண்டு இல்லாத உன் முகத்தை நம் ஊரும் பார்த்தது, எந்தெந்த ஊர்களோ பார்த்தன. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். திருப்பினார்கள். ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நான் கீழே நின்று ஒவ்வொரு ஜன்னலாக முறைத்தேன், கடைசி பஸ் நகரும் வரை.

கோபம் வரலியா என்று கேட்டேனே, அதற்கு நீ நேராகப் பதில் சொல்லவே இல்லை. பரவாயில்லை. உன் பங்கும் சேர்த்து என்னிடம் இருக்கிறது. ஆறிப்போய்விட்டதா என்று தினமும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கொதிக்கிறது.