வாரியத்துக்குப் போடாத கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நம்பு, நானேதான், யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொல்லவில்லை. நானும் உன் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்தபோது டீ சூடாக இருந்தது, இப்போது ஆடை கட்டிவிட்டது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் நலம் விசாரிச்சே முடியலையா, அதுக்குள்ள அவ கிழவியாயிடுவா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சொல்லட்டும். ஒவ்வொரு எழுத்தும் என் கையிலிருந்து இறங்கி வரிசையில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வருகிறது, அவசரப்பட மனமில்லை.

"கையெழுத்துப் போட்டுடுங்கப்பா, புது வீடு கிடைக்கும்" என்று நீ போனில் சொன்னாய். நான் போடவில்லை. ஏன் என்று நீ கோபமாகக் கேட்டபோது எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆட்சி மாறியதிலிருந்து வீட்டு வாரியம் ஆளே மாறிப்போய்விட்டது அம்மாடி. முன்பு அவர்கள் ஷூ சத்தத்தோடு படியேறி வருவார்கள், வாடகை பாக்கி என்பார்கள், வீட்டில் கூடுதல் ஆள் என்பார்கள், ஜன்னலில் துணி காய்ந்தால் அதுவும் குற்றம். அவர்கள் வாசலில் நுழைந்ததுமே கீழ்வீட்டு டிரைவர் தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் படபடவென்று தட்டுவார், அந்தச் சத்தம் எல்லா மாடிக்கும் ஏறும், எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். தெரிந்தவர்கள் வந்தால் ஒற்றைத் தட்டு, அதற்குக் கதவைத் திறக்கலாம். இதெல்லாம் நீ அறிந்ததுதான். இப்போதோ வாரியத்துக்குப் புதுப் பெயர், வாசலில் புதுப் பலகை, வருகிறவர்கள் கையில் பிஸ்கட் டப்பா. நாம் வாடகைக்காரர்கள் இல்லையாம், பங்குதாரர்களாம். "பங்காளின்னு சொல்லியிருக்கலாம், சண்டை போட வசதியா இருந்திருக்கும்" என்றார் டிரைவர். இத்தனை வருஷம் கூரை ஒழுகுகிறது என்று கத்தியும் காதில் வாங்காதவர்கள் தாங்களாகவே வந்து, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டால் பயமாக இருக்காதா? பக்கத்தில் ரயில் நிலையம் வந்த பிறகுதான் இந்தப் பாசம் என்பதையும் கவனித்துக்கொள்.

வாடகை கட்டும் ஜன்னல் இருந்த அறையில் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். நான் காலமெல்லாம் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நின்ற அதே அறை. முதல் நாள் போய்விட்டு வந்து சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தேன், டிரைவர்தான் அதில் தண்ணீரை ஊற்றினார். "அண்ணே, கட்டிடத்தை இடிக்கணும்னா குடியிருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு மேல கையெழுத்து வேணும்னு புதுச் சட்டம். கைநாட்டு செல்லாதாம். அதுக்குத்தான் உங்களுக்கு அ, ஆ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அவர்கள் எதற்காகச் சொல்லிக் கொடுத்தால் என்ன, எழுத்து என்னுடையதுதானே.

சொல்லிக் கொடுப்பது வாரியத்துப் பெண் ஒருத்தி, உன்னைவிடச் சின்னவள், "ஐயா, அருமையா எழுதுறீங்க" என்பாள். எனக்கு உச்சி குளிரும், உடனே சந்தேகமும் வரும். எங்கள் குழாய் பாஷையையும் அவள் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டாள், மேலே வருவதற்கு முன் அவளே ஒற்றைத் தட்டு தட்டிவிட்டு வருவாள். "நம்ம பூட்டுக்கே சாவி செஞ்சுட்டா பாத்தீங்களா" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுத்தாலும் உன் அம்மா சர்க்கரை டப்பாவை உள்ளே வைத்துவிடுவாள், எதற்கென்று கேட்டால் தெரியாது என்பாள்.

போன வாரம் வாரிய இயக்குநரே வருவதாகவும் அன்றைக்கே எல்லோரும் இடிப்பதற்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் என் பெயரை எழுதி எழுதிப் பழகி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன், உண்மையைச் சொன்னால் போடத்தான் கிளம்பினேன், நீயும் சொல்லியிருந்தாயே. கதவைப் பூட்டும்போது குழாய் படபடவென்று அடித்தது. ஷூக்காரர்கள் வருகிறார்கள் என்ற அந்தப் பழைய தட்டு! டிரைவராக இருக்கும் என்று நினைத்தேன், இறங்கிப் பார்த்தால் அவரோ தெருமுனையில் முடிவெட்டிக்கொண்டு அப்போதுதான் வருகிறார். கீழே குழாய்ப் பக்கமிருந்து வாரியத்துப் பெண் கூட்டத்துக்குள் போனாள், அவள் கைக்குட்டையில் துரு.

உள்ளே மேசைமேல் அட்டையில் செய்த புதுக் கட்டிடம், வாசலில் குட்டி குட்டி பொம்மை ஆட்கள். எல்லாரும் இளவட்டம், கைத்தடியோடு ஒருத்தரும் இல்லை. இயக்குநர் மரியாதையான மனிதர், அவரே என்னிடம் பேனாவை நீட்டினார். நான், "இடிச்சுக் கட்டின பிறகு நாங்க எல்லாரும் இதே வாடகைக்கு இங்கேயே திரும்பி வருவோமா?" என்றேன். "முடிஞ்ச வரைக்கும் எல்லாரும் வரலாம் ஐயா" என்றார். முடிஞ்ச வரைக்கும் என்றால் என்ன என்று கேட்டேன். "அது அப்போதைய நிலைமையைப் பொறுத்தது" என்றார். "அப்படின்னா எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு முதல்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அடுத்த கையெழுத்து என்னோடது" என்றேன். நீட்டிய பேனாவை அவர் மெதுவாக மூடித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். பாவம், அவரும் ஓர் இடத்தில் கைகட்டி நிற்கிறவர்தான். ஆனால் அந்தப் பேனா பைக்குள் போனதை எல்லோரும் பார்த்தார்கள், அதற்குப் பிறகு யாரும் போடவில்லை, கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று நினைக்காதே. மேல்வீட்டு நர்ஸ் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், அவள் வீட்டுச் சுவர் முழுக்க ஈரமும் பூஞ்சணமும். படியில் என்னை நிறுத்தி, "பெரியப்பா, நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா விடிய விடிய இருமுறது என் புள்ளைல்ல?" என்றாள். நான் தப்பாகச் சந்தேகப்பட்டு நல்லதைத் தள்ளிப்போட்டுவிட்டேனோ என்று இப்போதும் அரிக்கிறது. அதனால் உன் அம்மாவிடம் பேசி, அந்தக் குழந்தையை நம் வீட்டில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டோம், உன் கட்டிலில்தான் தூங்குகிறாள், நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். வகுப்பில் அந்தப் பெண்ணிடம், "அன்னிக்குக் குழாயைத் தட்டினது நீயாம்மா?" என்று கேட்டேன். "எந்தக் குழாய் ஐயா?" என்றாள், முகத்தில் ஒரு அசைவு இல்லை. அவளை நான் இன்னும் நம்பவில்லை. முன்பு நம்பாத அளவுக்கு இல்லை, அவ்வளவுதான், இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நீயும் அங்கே வாடகை வீட்டில் இருப்பவள். யார் சிரித்துக்கொண்டு பேனாவை நீட்டினாலும், முதலில் கேட்க வேண்டியதைக் கேள், பிறகு போடு. குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி வாங்கு. மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, நான் வாய்விட்டு வாசிக்க உன் அம்மா கேட்க வேண்டும். வாரியம் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் போடுவேன், அதுவரை காத்திருக்கட்டும். இவ்வளவு பழகிய கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து நான் போடும் முதல் கையெழுத்து இதோ, உனக்கு.

இப்படிக்கு,
அப்பா