சுக்கு வாசத்துக்கு வந்த வண்டுகள்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கிடங்கு முழுக்க ஈரம். சுக்கு மூட்டைகளில் மறுபடி வண்டு. கடுகளவு, பழுப்பு நிறம்.

பெருக்குகிற நபீசா இத்தாவை முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். "ஒழுங்காப் பெருக்கினா இது வருமா? நாளைலேர்ந்து வரவேண்டாம்."

பதினெட்டு வருஷ வேலை. இத்தா துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் மேற்பார்வை. வாயே திறக்கவில்லை.

ஜூலை 9, புதன்

வாங்க வேண்டியது: ரவை, தீப்பெட்டி, குடைக்குக் கம்பி.

பூச்சி ஆராய்ச்சி பண்ணுகிற டீச்சர் வந்தார். ஒட்டுப்பொறி ஐந்து வைத்தார்: கிடங்கில் நான்கு, ஆபீஸ் ரூமில் ஒன்று. பெண் வண்டின் வாசனையைச் செய்து உள்ளே வைத்திருக்கிறார்களாம். ஆண், துணை கிடைக்கும் என்று வந்து ஒட்டிக்கொள்ளும். பாவம்.

அந்த வாசனை மட்டும் போதுமா என்றேன். "பெண் வாசத்தோட சுக்கு வாசமும் சேர்ந்தா ஆண் இன்னும் நிறைய வரும். குஞ்சுக்குச் சாப்பாடு இருக்கிற இடத்துலதான் ஜோடி சேரப் பார்க்கும்."

வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணம்! நம்ம ஆட்களை விடத் தெளிவு.

ஜூலை 11, வெள்ளி

கிடங்குப் பொறி நான்கிலும் சேர்த்து முப்பது இருக்கும். ஆபீஸ் ரூம் பொறியில் எண்ணவே முடியவில்லை.

"இங்க சுக்கே இல்லையே" என்றார் முதலாளி.

"எங்கயோ இருக்கு சார்" என்றேன்.

அலமாரியைத் திறந்தோம். பழைய சாம்பிள் பொட்டலங்கள். உள்ளே சுக்கு இல்லை, வண்டு தின்று மிச்சம் வைத்த மாவுதான். அதில் ஊர்கிறது. எல்லாம் முதலாளி தூக்கிப்போட மனசில்லாமல் வைத்தவை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 12, சனி

"இத்தாவைக் கூட்டிட்டு வா" என்றார் முதலாளி. தனியாகத்தான் போனேன்.

இத்தா சாயா போட்டுத் தந்தாள். "முதலாளி சத்தம் போட்டது போகட்டும், மோளே. நீ மிண்டாம, வாயத் தொறக்காம நின்னியே, அதான் கஷ்டமாப் போச்சு."

"தப்பு இத்தா. பயந்துட்டேன்." அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரேன். ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் திருத்தட்டும்."

முதலாளியிடம் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். "சரி" என்றார்.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டிருக்கிறது. சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் நின்றார்கள். இத்தா கடைசியில்.

"வண்டு வந்தது என் அலமாரிலேர்ந்து. இத்தா மேல தப்பில்ல" என்றார் முதலாளி, தரையைப் பார்த்து.

"கேக்கல" என்றாள் இத்தா.

நிமிர்ந்து, இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.