113 முதல் 116 வரை

9.11.87, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். பள்ளிக்கு லீவு. எங்கள் திருச்சபையின் நூறாண்டு வரலாறு, நான் எழுதியது, அச்சாகி வந்துவிட்டது. இண்டெக்ஸ் மட்டும் பாக்கி. எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்ற பட்டியல். திருப்பதியில் கம்ப்யூட்டரில் போட்டது. ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறேன்.
கிணறு 40, சரி. இரவுப் பள்ளி 97, சரி. ஆஸ்பத்திரி 140. இல்லை, 136-இல் இருக்கிறது. மணிக்கூண்டு 152. அதுவும் 148-இல்.
112 வரை ஒழுங்கு. அதற்குப் பின் எல்லாமே நான்கு கூடுதல். மெஷின் கோளாறா?
இருமல் மாத்திரை வாங்க மறந்தேன்.

10.11, செவ்வாய்
பாகாலா வழியாக ரயில். திருப்பதி சேர மணி பதினொன்று. ஆபரேட்டர் ரெட்டி நீளத் தாளை விரித்தார்.
"மெஷின்ல தப்பு லேது சார். நீங்க குடுத்த புரூஃப் பேப்பருக்கு நம்பர் கரெக்ட். அப்பறம் பிரஸ்ல யாரோ நாலு பக்கம் எடுத்துட்டாங்க."
ஒரு வரியில் விரல் வைத்தார். "ரூத், 113–116. இந்தப் பேரு இப்போ புக்ல எங்கயும் இல்ல. யாரு சார்?"
"எங்க அக்கா."
அவர் டீ வரவழைத்தார்.
அக்கா நர்ஸ். இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். நாகலாபுரம் பக்கம் காலரா வந்தபோது வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். அதிலேயே போய்விட்டாள். இந்துவைக் கட்டியவள் என்று சபைக் கல்லறையில் இடம் தரவில்லை. ஆற்றோரம் புதைத்தோம். அந்த நாலு பக்கம் அதுதான்.

11.11, புதன்
மாலை, கமிட்டி செயலாளர் சாமுவேல் அண்ணன் வீடு. மறுக்கவில்லை.
"நான்தான் எடுக்கச் சொன்னேன். நூறு வருசம் கொண்டாடறப்போ எதுக்கு வாத்தியாரே அதக் கிளறிக்கினு? அன்னிக்கு எடம் குடுக்காதது எங்க நைனா. அவரு பேரும் வருதே அதுல."
"செத்தது எங்க அக்கா, அண்ணா."
"தெரியும். அச்சு முடிஞ்சிபோச்சி. இப்போ இன்னா பண்றது?"
காப்பி குடிக்காமல் எழுந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

12.11, வியாழன்
மழை விடவில்லை. பென்சிலோடு உட்கார்ந்தேன். 116-க்கு மேல் இருந்த ஒவ்வொரு எண்ணிலும் நாலு கழித்தேன். மத்தியானம் ஆனது.
கடைசியாக ரூத். கழிக்க எதுவுமில்லை. பக்கம் இல்லாத பெயரை எப்படிப் போடுவது? அதன் மேல் கோடு போட்டு அடித்தேன். என் கையால்.
பிரஸ்ஸுக்குத் தபாலில் சேர்த்தாயிற்று.

6.12, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் வெளியீடு. எனக்குச் சால்வை. சாமுவேல் அண்ணன்தான் போர்த்தினார். கைதட்டல்.
அம்மாவுக்குக் கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது. அக்காவைப் பற்றி எழுதியதும் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்தவுடன் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
"ரூத்து எங்கடா கீறா?"
கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தேன். மதில் சுவர் ரிப்பேர் பற்றியது. அவள் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன்.
"நீ படிச்சியே, அது அத்தினியும் போட்டாங்களா?"
"அத்தினியும்மா."
வரி வரியாகத் தடவினாள். பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள்.